ஒரு முறை கைதட்டினால்

“துரை நேத்து ரொம்பவே ஆட்டம் போட்டிருக்காரு போல. ஏழு இடத்துல வெட்ட வேண்டியதாப் போச்சும்மா” என்றார் எடிட்டர்.

போனில் அவர் சிரிப்பது கேட்டது. அவள் அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். பால் பொங்கி, விளிம்பைத் தாண்டி, வழிந்து தீய்ந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் கை நீண்டு அடுப்பை அணைத்தது.

“ஏழு இடமா?”

“ஏழு. நீங்க வேற ஒரு இடத்துலகூடக் கை தட்டலை. நானே தேடித் தேடிப் பிடிச்சேன். செல்லம் கொடுத்து அவரைக் கெடுத்து வச்சிருக்கீங்க.”

“சரிண்ணே. இனிமே பாத்துக்கறேன்.”

போனை வைத்தாள். துரை இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. எடிட்டரிடம் அதை அவள் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

துரை அவளுடைய பூனை. சாம்பல் நிறம், முன்கால்கள் இரண்டும் கையுறை போட்டதுபோல் வெள்ளை. நடையில் ஒரு மிடுக்கு இருந்ததால் அந்தப் பெயர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் மாடிப்படியின் அடியில் நனைந்து நின்றிருந்த குட்டிக்கு அரை டம்ளர் பாலைச் சூடாக்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்த அரை டம்ளருக்குப் பதினோரு வருடம் அது நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. உலகத்தில் எந்தச் சின்ன இரக்கமும் வீணாவதில்லை என்று யாராவது நிரூபிக்கச் சொன்னால் அவள் துரையைத்தான் காட்டியிருப்பாள். அதை ஒருநாளும் ‘வா, போ’ என்று கூப்பிட்டதில்லை. ‘வாங்க துரை, சாப்பிடலாமா?’ என்றுதான்.

அவளுக்கு வேலை வாசிப்பது. கண் தெரியாதவர்களுக்கான நூலகம் ஒன்று புத்தகங்களை அனுப்பும். அவள் வீட்டிலிருந்தே சத்தமாக வாசித்துப் பதிவு செய்து அனுப்புவாள். படுக்கையறையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது. அதன் சுவர்களில் பழைய மெத்தைகளையும் கம்பளிகளையும் ஆணியடித்து மாட்டியிருந்தாள். நடுவில் ஒரு மேஜை, மைக், கணினி. வாசிக்க உட்காருமுன் மின்விசிறியை நிறுத்துவாள். சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜையும் நிறுத்துவாள். கதவைச் சாத்தி, அதன் அடியில் உள்ள இடுக்கில் ஒரு பழைய சால்வையைச் சுருட்டி அடைப்பாள். பிறகு கண்ணை மூடி எப்போதும் சொல்கிற ஒரே பிரார்த்தனை: “கடவுளே, இந்தக் குரல் யாருக்குத் துணையாக வேண்டுமோ அவர்களுக்குத் துணையாகட்டும்.”

வாசிக்கும்போது தப்பு வந்தாலோ வெளியிலிருந்து சத்தம் வந்தாலோ, ஒரு முறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி வாசிக்க வேண்டும். கைதட்டல் எடிட்டரின் திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் ஈட்டி மாதிரி நிற்கும். அவர் அங்கே போய்க் கெட்டுப்போன இடத்தை வெட்டி எடுப்பார். பதினாறு வருடப் பழக்கம் அவள் கைகளில் ஊறிப்போயிருந்தது. பேருந்தில் பின் இருக்கைக் குழந்தை வீறிட்டபோது ஒரு தடவை தன்னையறியாமல் தட்டி, அதன் தாயிடம் முறைப்பு வாங்கியிருக்கிறாள். தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா இருமியபோதும் தட்டிவிட்டாள். அதை வைத்துத் தங்கை இன்னமும் கேலி செய்வாள்.

துரைக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து பிறாண்டும். இடுக்கில் கையை விட்டு, சால்வையை நகத்தில் மாட்டி, துணுக்குத் துணுக்காகத் தன் பக்கம் இழுக்கும். அவள் கை தட்டுவாள். உடனே அடங்கிவிடும். கைதட்டல் என்றால் சும்மா இருக்க வேண்டும் என்று குட்டியிலேயே கற்றுக்கொண்டுவிட்டது. ஒரே ஒரு தடவை எடிட்டர் ஒரு மியாவை வெட்டாமல் விட்டுவிட்டார். அதைக் கேட்ட முதியவர் ஒருவர் ஆள் வைத்துக் கடிதம் எழுதியனுப்பினார்: ‘மூன்றாம் அத்தியாயத்தில் உங்கள் பூனை வந்தது. தனியாக இருக்கிறேன். இனிமேலும் வரட்டும்.’ அந்தக் கடிதத்தை அவள் துரைக்கு வாசித்துக் காட்டினாள். துரை கொட்டாவி விட்டது.

பத்தொன்பது நாளுக்கு முன், ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தாள். மாலை ஆறு மணி இருக்கும். ‘படகு கரையைத் தொட்டபோது மழை நின்றிருந்தது’ என்று வாசிக்கையில் வெளியே துரை கத்தியது. வழக்கமான கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து நீளமாக இழுத்த ஒரு சத்தம். அவள் கை தட்டினாள். வாக்கியத்தை மறுபடி தொடங்கினாள். மறுபடியும் கத்தியது, இன்னும் உரக்க. இன்னும் நாலே பக்கம்தான். கொஞ்சம் எரிச்சலோடு, பலமாக இன்னொரு முறை தட்டினாள்.

அடங்கிவிட்டது.

நாலு பக்கமும் முடித்துக் கதவைத் திறந்தபோது வாசலில் துரை அசைவற்றுக் கிடந்தது. முதுகு கதவின் பக்கம், முகம் இருண்ட நடைவழியின் பக்கம். சாகும்போதுகூட என்மேல் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“இதயம்தான்மா. வயசும் ஆச்சு” என்றாள் கால்நடை டாக்டர். பிறகு ஒரு வெள்ளைக் காலைத் தூக்கிப் பார்த்தாள். “நகம் ரெண்டு வேரோட உடைஞ்சிருக்கே. யாரோட சண்டை?”

“கதவைப் பிறாண்டியிருக்கும் டாக்டர். நான்தான் திறக்கலை.”

டாக்டர் அவள் தோளில் கை வைத்தாள். அவள் குடியிருக்கும் கட்டடத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் புதைத்தார்கள். அன்றிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது ஒரே நினைப்பு. பதினோரு வருடம் மரியாதையாகப் பேசியவள், கடைசியாக அதற்குச் சொன்னது ஒரு கைதட்டல்.

எடிட்டரின் போனுக்குப் பிறகு அவள் நேற்றைய பதிவை எடுத்துப் போட்டாள். தன் குரல். அதன் பின்னால், தூரத்தில், மெத்தைகளுக்கும் கதவுக்கும் அப்பால், பிறாண்டல். பிறகு மியாவ். சந்தேகமே இல்லை, கடைசியில் கொஞ்சம் கேள்வி கேட்பதுபோல் மேலே தூக்கும் அந்த மியாவ். வாசிக்கும்போது அவள் காதில் இது எதுவுமே விழவில்லை. மைக்குக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

அவள் பயப்படவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது. மேஜையின் மேல் கவிழ்ந்து நெடுநேரம் அழுதாள். கோபித்துக்கொண்டு போனது திரும்பி வந்து கேட்கிறது. இன்னொரு வாய்ப்பு. இந்தத் தடவை கதவைத் திறந்துவிட வேண்டும்.

மறுநாள் மாலை சால்வையை எடுத்துவிட்டு, கதவைப் பூனை நுழையும் அளவுக்குத் திறந்துவைத்து வாசித்தாள். தெருச் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. வரட்டும். முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டாள். முதல் பக்கத்தில் பிறாண்டல் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நின்றது. மூன்றாம் பக்கத்திலிருந்து, மைக்குக்கு வெகு அருகில், கடைசிவரை ஒரே சீரான குர்ர்ர்ர். அவள் காலடியில் சுருண்டு படுத்தால் துரை போடுமே, அதே சத்தம்.

எடிட்டர் கூப்பிட்டார். “என்னம்மா இது, குறட்டை விடறாரு! மைக்குக்குக் கீழேயே மெத்தை போட்டுக் கொடுத்தாச்சா?”

“அண்ணே, அதை மட்டும் வெட்டாதீங்க.”

“சரியாப் போச்சு. வாசிக்கறது நீங்களா அவரா?”

அன்று இரவு பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். தங்கை போனில் சுற்றி வளைத்துப் பேசினாள்.

“அக்கா, சொன்னாக் கோச்சுக்காதே. எங்க ஆபீஸ்ல ஒரு பூனை நாலு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?”

“வேண்டாம்டி. துரை கோச்சுக்குவாரு.”

“துரை போயிட்டாருக்கா.”

“போகலைடி.”

“நீ கிளம்பி ரெண்டு நாள் இங்க வந்து இரு. சொல்றதைக் கேளு.”

“அவரைத் தனியா விட்டுட்டு எப்படிடி வர்றது?”

அடுத்த நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள். துரைதான் உள்ளே வந்தாகிவிட்டதே. உட்காருமுன் மேஜைக்கடியில் குனிந்து, ‘வாங்க துரை, ஆரம்பிக்கலாமா?’ என்று கேட்டாள். வாசிப்பு தண்ணீர்போல ஓடியது. போட்டுக் கேட்காமலே அனுப்பிவிட்டாள். மனசு நிறைந்திருந்தது.

அதற்கு அடுத்த நாள் மாலை, மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்தி, கதவைச் சாத்தி, சால்வையை அடைத்து, நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தில் போன் ஒளிர்ந்தது. எடிட்டர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“அம்மா, நேத்து வீட்டுக்கு யாராவது வந்திருந்தாங்களா?”

“இல்லையேண்ணே.”

“வேற பூனை ஏதும்?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“துரை உள்ளதான் இருக்காரு. முதல்ல குர்குர்னு இருக்கு. பத்தாவது நிமிஷத்துல உறும ஆரம்பிக்கறாரு. அதே நேரம் வெளியிலேர்ந்து கதவை ஏதோ பிறாண்டுது.” தயங்கினார். “இன்னொரு பூனைன்னுதான் நினைச்சேன். ஹெட்ஃபோன் போட்டு நாலு தடவை கேட்டுட்டேன். அது பூனை இல்லைம்மா. கீழே ஆரம்பிச்சு மெதுவா மேலே போகுது. கதவோட தலை வரைக்கும்.”

“அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை. துரை செத்து இருபத்திரண்டு நாள் ஆச்சு.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“இப்ப எங்க இருக்கீங்க?”

“அறையில.”

“கதவு?”

“சாத்தியிருக்கு.”

“திறக்காதீங்க. நான் கிளம்பி வர்றேன். முக்கால் மணி நேரம். என் குரலைக் கேட்டாத்தான் திறக்கணும். கேட்டுச்சாம்மா? பயப்படாதீங்க, வந்துடறேன்.”

போன் அணைந்தது.

எவ்வளவு நல்ல மனுஷன், சாப்பிடக்கூட உட்கார்ந்திருக்க மாட்டார், இந்த நேரத்துக்குக் கிளம்பி வருகிறாரே என்று நினைத்தாள். அந்த நினைப்பு கொஞ்சம் தைரியம் தந்தது. அறையில் மெத்தைப் பஞ்சின் பழைய வாசனை, சூடேறிய கணினியின் வாசனை, அதற்கு அடியில் மெல்லியதாய் மழையில் நனைந்த ரோமத்தின் வாசனை. வெளியே எந்தச் சத்தமும் இல்லை. வீட்டில் ஓடுகிற எல்லாவற்றையும் அவளே தன் கையால் நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள்.

மைக்கில் பதிவாகும் சத்தத்தை அப்போதைக்கப்போதே ஹெட்ஃபோனில் கேட்கும் வசதி அந்தக் கணினியில் இருந்தது. தன் குரலே காதில் விழுந்தால் வாசிப்பு தடுமாறும் என்பதால் அவள் அதைப் பயன்படுத்துவதில்லை. இப்போது ஹெட்ஃபோனை மாட்டி அதைத் திறந்துவிட்டாள்.

முதலில் அவள் மூச்சு. பிறகு அவள் உடை உரசும் சத்தம். திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு மூச்சுக்கேற்ப மெல்ல ஏறி இறங்கியது.

பிறகு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பச்சைக் கோடு அப்போதும் ஏறியது.

உறுமல். அவளுடைய இடது கணுக்காலுக்கு அருகில்.

ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்கினாள். ஒன்றுமில்லை. நிசப்தம். மறுபடி பொருத்தினாள். உறுமல். அதற்கப்பால், கதவின் அடியில், மரத்தின்மேல் ஒரு கோடு இழுபடும் சத்தம்.

நின்றது.

சற்று மேலே, இன்னொரு கோடு.

நின்றது.

கைப்பிடியின் உயரத்தில். அங்கே கொஞ்சம் தாமதித்தது.

இன்னும் மேலே. அவள் தலையின் உயரம். அதற்கும் மேலே.

உறுமல் அவள் காலடியிலிருந்து நகர்ந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது எங்கே நிற்கிறது என்று காது சொன்னது. முதுகு அவள் பக்கம். முகம் கதவின் பக்கம்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அன்றைக்கு அது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கதவின் வெளிப்பக்கத்தில் புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை; இத்தனை நாளாக அதைத் துடைத்துத் துடைத்து அழுதவளுக்கு அது தெரியும், தெரிந்தும் யோசிக்கவில்லை. உடைந்த நகங்கள் கதவில் உடைந்தவை அல்ல. துரை உள்ளே விடச் சொல்லிக் கத்தவில்லை. நடைவழியில் வந்த எதையோ உள்ளே விடாமல், அவள் வாசலில் நின்று கத்தியிருக்கிறது. கத்தக் கத்த அது நெருங்காமல் இருந்திருக்கிறது.

அவள் கை தட்டினாள். சொன்ன பேச்சைத் துரை கேட்டது.

“ஐயோ, என் தெய்வமே” என்றாள். அரை டம்ளர் பால். அதற்கா இவ்வளவு?

கதவின் உச்சியில் பிறாண்டல் நின்றது. பிறகு, உச்சியிலிருந்து அடிவரை, ஒரே இழுப்பில், ஐந்து கோடுகள் சேர்ந்து கீழே இறங்கின.

துரை அலறியது. இருபத்திரண்டு நாளுக்கு முன் கேட்ட அதே கத்தல், இப்போது கதவு தடுக்காமல், ஹெட்ஃபோன் வழியாக நேரே மூளைக்குள். பச்சைக் கோடு சிவப்புக்குத் தாவியது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. நினைப்பதற்குள், நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளும் தாமாக எழுந்தன.

தட்டின.

ஒரே ஒரு முறை.

கத்தல் அறுந்தது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. யாருடைய கைகளோ போல அவை மடியில் விழுந்தன.

“இல்ல துரை. இல்லைங்க. கத்துங்க.” ஒன்றுமில்லை. “கத்துடா. கத்துடா என் கண்ணா.” முதன்முதலாக அதை அப்படிக் கூப்பிட்டாள். ஹெட்ஃபோனில் அவள் குரல் மட்டும்தான். அது நல்ல பிள்ளை. ஒரு தட்டுக்கு மேல் எப்போதும் தேவைப்பட்டதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். போனில் மணி பார்த்தாள். எடிட்டர் கிளம்பிப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. கண்ணை மூடினாள். மைக்கின் முன்னால் பதினாறு வருடம் சொன்ன வார்த்தைகள்தான் வாயில் வந்தன. சத்தமாகவே சொன்னாள்.

“கடவுளே, இந்தக் குரல் யாருக்குத் துணையாக வேண்டுமோ அவர்களுக்குத் துணை—”

கதவுக்கு வெளியே யாரோ ஒரு முறை கை தட்டினார்கள்.

ஹெட்ஃபோன் இல்லாமலே கேட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. மிச்ச வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தொண்டை புடைத்தது. நரம்பு துடித்தது. திரையில் பச்சைக் கோடு அசையாமல் கிடந்தது.

கதவின் அடியில் சுருட்டி வைத்த சால்வை நகரத் தொடங்கியது.

துரை இழுப்பதுபோல் துணுக்குத் துணுக்காக இல்லை. ஒரே சீராக, அவசரமே இல்லாமல், இடுக்கு வழியாக முழுச் சால்வையும் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.